கடல்நீர்த் தொட்டியில் எந்த மீனுடன் எந்த மீன்? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் நகரத்திலும் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்க விரும்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். வடிகட்டியிலும் விளக்கிலும் நேரும் தவறுகளைத் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கும். சேரக் கூடாத இரண்டு மீன்களை ஒரே கண்ணாடிக்குள் விட்டால் பெரும்பாலும் மறுநாள் காலையிலேயே ஒன்று இருக்காது. ஆகவே மீன் தெரிவுக்கே இங்கு அதிக இடம்.

புறாத்தீவில் எல்லா மீன்களும் ஒன்றாகத்தானே திரிகின்றன? தொட்டிக்குள் மட்டும் ஏன் கடித்துக்கொள்கின்றன?

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் படகில் போய், முகக்கண்ணாடி அணிந்து தலையைத் தண்ணீருக்குள் வைத்ததும் எல்லோருக்கும் தோன்றும் எண்ணம் இது. நீலச் சேர்ஜன் மீன்கள், கிளிமீன்கள், சோடி சோடியாக வண்ணத்துப்பூச்சி மீன்கள் எல்லாம் ஒரே இடத்தில் அமைதியாக இருப்பதுபோலத் தெரியும்.

அடுத்த முறை போகும்போது ஒரே ஒரு முருகைக்கல்லுக்கு மேலே பத்து நிமிடம் அசையாமல் மிதந்து பாருங்கள். விரல் நீள டாம்சல் மீன் ஒன்று, தன்னைவிடப் பல மடங்கு பெரிய கிளிமீன் தன் கல்லுக்குக் கிட்ட வந்தவுடன் அம்புபோலப் பாய்ந்து அதன் விலாவில் முட்டும். கிளிமீன் இரண்டு மூன்று மீட்டர் விலகிப்போய் வேறு கல்லைச் சுரண்டத் தொடங்கும். டாம்சல் தன் கல்லுக்குத் திரும்பிவிடும். சண்டை அவ்வளவுதான். துரத்தப்பட்ட மீனுக்குப் போக இடம் இருந்ததால் நாம் அதைச் சண்டை என்றே கவனிக்கவில்லை.

தொட்டியில் அந்த மூன்று மீட்டர் கிடையாது. துரத்தப்பட்ட மீன் கண்ணாடியில் மோதித் திரும்பி, துரத்தியவனின் முன்னாலேயே மறுபடி வந்து நிற்கும். துரத்துகிற மீனின் பார்வையில் அது போக மறுக்கும் எதிரி. அதனால் விடாமல் கடிக்கிறது. கடலில் ஒன்றாகப் பார்த்தோம் என்பதை வைத்து எந்த இரண்டு மீனையும் சேர்த்து வாங்காதீர்கள்.

வாங்குமுன் ஒவ்வொரு மீனைப் பற்றியும் கேட்க வேண்டியவை: இதன் வாய்க்குள் என் தொட்டியிலுள்ள எந்த மீனாவது அடங்குமா? வளர்ந்து முடிந்தால் இது எவ்வளவு நீளம், எவ்வளவு இடத்தைத் தன்னுடையது என்று நினைக்கும்? இதே உருவமும் இதே உணவும் உள்ள மீன் ஏற்கனவே இருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்காவது கடைக்காரரால் பதில் சொல்ல முடியாவிட்டால் அந்த மீனை அன்று வாங்க வேண்டாம்.

எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்?

நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் ஏறத்தாழ 250 லீற்றர். இதைவிடச் சிறிய தொட்டியில் முடியாது என்று சொல்லவில்லை; ஆனால் தொடங்குகிறவருக்குச் சிறியது கடினம், பெரியது இலகு. நீளமே முக்கியம். ஒரே கொள்ளளவுள்ள இரண்டு தொட்டிகளில் உயரமானதைவிட நீளமானதில்தான் மீன்கள் ஒன்றையொன்று பார்க்காமல் ஒதுங்க முடியும். தண்ணீர் மட்டுமே கால் தொன் எடை என்பதால் மேசையை முதலில் உறுதிப்படுத்துங்கள்.

இந்த அளவுக்கு ஆறு அல்லது ஏழு சிறிய மீன்கள் போதும். நன்னீர்த் தொட்டியில் கப்பி வளர்த்தவர்களுக்கு இது மிகக் குறைவாகத் தோன்றும். கடல்நீரில் நன்னீரைவிட ஒட்சிசன் குறைவாகவே கரையும். சூடு ஏற ஏற இன்னும் குறையும். நம் ஊரில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் தொட்டித் தண்ணீர் 31 பாகையைத் தாண்டுவது சாதாரணம். மூச்சுக்குத் திணறும் மீன் சண்டைக்காரனாகவும் மாறும். 25 முதல் 27 பாகைவரை வைத்திருப்பது நல்லது. நீர்ப்பரப்பின்மேல் ஒரு சிறிய மின்விசிறியைத் திருப்பிவைத்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும். ஆவியாகிப் போவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே இருக்கும். குறைந்த அளவை நன்னீரால்தான் ஈடுசெய்ய வேண்டும்.

டாம்சல் மலிவாக இருக்கிறது. அதில் தொடங்கலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு ஆலோசனையை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு வெள்ளைக் கோடுள்ளது, கறுப்பில் மூன்று வெள்ளைப் புள்ளியுள்ளது, முழு நீலம் என்று எல்லா டாம்சல்களும் குட்டியில் அழகு, விலை குறைவு, சாவதும் அரிது. அதனால்தான் தொட்டியைப் பழக்குவதற்கு இதை விடுங்கள் என்று கடைகளில் சொல்கிறார்கள். முதலில் வந்த டாம்சல் முழுத் தொட்டியையும் தன் கல்லாகவே எடுத்துக்கொள்ளும். பின்னால் வரும் ஒவ்வொரு மீனும் அதற்கு ஊடுருவி வந்த அந்நியன்தான். மூன்று புள்ளி டாம்சல் 14 சென்ரிமீற்றர்வரை வளரும். அப்போது புள்ளிகளும் மங்கிப்போய், ஒரு கறுத்த முரடன் மட்டும் மிஞ்சும். பிடித்து வெளியே எடுக்கலாம் என்றால் எல்லாக் கற்களையும் கலைக்க வேண்டிவரும்.

தொட்டியைப் பழக்க மீனே தேவையில்லை. ஓர் இறால் துண்டைப் போட்டு அழுகவிட்டால் அமோனியா உருவாகும். அதை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கற்களில் பெருகும். நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும். அமோனியாவும் நைத்திரைற்றும் சோதனையில் பூச்சியம் காட்டிய பிறகே முதல் மீன்.

கோமாளி மீன் எத்தனை விடலாம்? அது கடலில் ஒளிந்து வாழும் கடற்சாமந்தியும் வேண்டுமா?

இரண்டு. மூன்றாவது வேண்டாம். கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் வாழ்வைத் தொடங்குகின்றன. கூட்டத்தில் மிகப் பெரியது பெண்ணாக மாறும், அடுத்தது அதன் ஆண் துணையாகும். மற்றவற்றுக்குக் கடலிலேயே வளர அனுமதி கிடைப்பதில்லை. தொட்டியில் உயிரோடு இருக்கவே கிடைக்காமல் போகலாம். ஒன்று பெரிதாகவும் மற்றது தெளிவாகச் சிறிதாகவும் பார்த்து ஒரே நாளில் வாங்கி ஒன்றாக விடுங்கள். சில நாட்களில் சிறியது பெரியதன் முன்னால் உடலைச் சற்றுச் சரித்து, குளிரில் நடுங்குவதுபோல வெடவெடவென்று நடுங்கும். நோய் என்று பயந்து பலர் கேட்கிறார்கள். அது பணிந்துபோகும் அறிகுறி. அதைப் பார்த்தால் சோடி சேர்ந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கலாம். இரண்டும் ஒரே அளவிலான பெண்களாக இருந்தால் இந்த நடுக்கம் வராது, வாயோடு வாய் கவ்விக்கொள்ளும். உடனே பிரிக்க வேண்டும்.

நம் கடலில் அதிகம் காணப்படும் கிளார்க் வகை ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் வளரும், குணமும் கடுமை. படங்களில் பிரபலமான செம்மஞ்சள் ஒசெலாரிஸ் வகை அதில் பாதிக்குச் சற்று மேல்தான் வரும், சாதுவானதும்கூட. தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்த்ததாகக் கேட்டு வாங்குங்கள்.

கடற்சாமந்தி தேவையில்லை. அதற்குக் கடும் வெளிச்சமும் பல மாதம் நிலைப்பட்ட நீரும் வேண்டும். செத்தால் ஒரே இரவில் தண்ணீரைக் கெடுக்கும். தொட்டியில் பிறந்த கோமாளி ஒரு மூலையையோ, நீரிறைக்கும் குழாயின் அடியையோ வீடாக்கிக்கொண்டு நன்றாகவே வாழும்.

மஞ்சள் முதுகுத்துடுப்புள்ள நீலச் சேர்ஜன் மீனை எல்லோரும் விரும்புகிறார்கள். வைக்கலாமா?

இந்து சமுத்திரத்துக்கே உரிய அழகு அது. நானும் அதைப் பார்க்கவே ஒவ்வொரு பருவமும் புறாத்தீவுக்குப் போகிறேன். நான்கு அடித் தொட்டிக்கு அது ஏற்றதன்று. ஏறத்தாழ 23 சென்ரிமீற்றர் வளர்ந்து, நாள் முழுவதும் நீந்திக்கொண்டே பாசி மேயும் மீன். ஆறு அடிக்குக் குறைவான இடத்தில் அடைத்தால் முன்னும் பின்னும் ஓயாமல் அலையும், நோஞ்சானாகும், வெண்புள்ளி நோய் முதலில் அதையே பிடிக்கும். வால் அடியில் இருபுறமும் கத்திபோன்ற முள் இருக்கிறது. தன் உருவத்தை ஒத்த இன்னொரு சேர்ஜன் மீனைக் கண்டால் வாலை வீசி அறுக்கும். பெரிய தொட்டி உள்ளவர்கள்கூட ஒன்றுடன் நிறுத்தி, எல்லா மீன்களுக்கும் கடைசியாக விடுவதே சரி. சிறுவர்கள் கேட்கும் மஞ்சள் வாலுள்ள டோரிக்கும் இதே பதில். அது 30 சென்ரிமீற்றர்வரை போகும்.

வண்ணத்துப்பூச்சி மீன் சண்டை போடாதே. அதை ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

சண்டை போடாது, பட்டினியால் சாகும். இவற்றில் பல வகைகள் உயிருள்ள முருகைகளின் மொட்டுகளை மட்டுமே கொத்தித் தின்பவை. இறாலை எவ்வளவு நுணுக்கி வைத்தாலும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். வயிறு ஒட்டி, நெற்றிக்குப் பின்னால் முதுகுச் சதை கத்தி விளிம்புபோல மெலிந்து, சில வாரங்களில் முடிந்துவிடும். முதுகுத் துடுப்பின் பின்முனையில் நூல்போல நீண்டிருக்கும் வகை பலவிதமாகச் சாப்பிடும். அதையும் கடையில் உங்கள் கண்முன்னால் உணவு தின்ன வைத்துப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

வாளிப்பான மூரிஷ் ஐடல், மற்ற மீன்களைச் சுத்தம் செய்யும் நீலக்கோட்டு ராஸ் இரண்டுக்கும் இதே கதைதான். சுத்தம் செய்யும் மீனுக்குத் தேவை வந்துபோகும் நூற்றுக்கணக்கான வாடிக்கை மீன்கள். ஏழு மீன் உள்ள தொட்டியில் அதற்குச் சாப்பாடு இல்லை.

லயன் மீன், கலவாய்க் குஞ்சு, அஞ்சாலை?

இவை பொதுவாகக் கெட்ட குணமுள்ளவை அல்ல. லயன் மீன் யாரையும் துரத்தாது. மெதுவாக மிதந்து வந்து, துடுப்புகளை விரித்து மூலையில் ஒதுக்கி, ஒரே மடக்கில் விழுங்கும். வாய்க்குள் அடங்கும் எதுவும் அதற்கு உணவு. வாயோ அதன் உடலில் பாதி நீள மீனைக்கூட எடுக்கும். அளவில் சமமான, பெரிய மீன்களுடன் பெரிய தொட்டியில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். கோமாளி, கோபி போன்ற சிறு மீன்கள் உள்ள தொட்டியில் இவற்றுக்கு இடமில்லை.

சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் லயன் மீன் வேண்டவே வேண்டாம். முதுகு முட்களில் நஞ்சு இருக்கிறது. குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில், 45 பாகைக்கு மேற்படாமல், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் அந்தக் கையை அமிழ்த்தி வைத்தால் வலி குறையும். குத்துப்பட்ட இடம் மரத்திருந்தால் சூடு தெரியாது. தண்ணீரின் சூட்டை இன்னொருவர் பார்க்கட்டும். அதோடு வைத்தியசாலைக்கும் போக வேண்டும்.

பெட்டி மீன், பேத்தை, கிளாத்தி?

மஞ்சள் கட்டியில் கறுப்புப் புள்ளி வைத்ததுபோன்ற பெட்டி மீன் குட்டியைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். பயந்தாலோ துன்புறுத்தப்பட்டாலோ அதன் தோல் நஞ்சைச் சுரக்கும். கடலில் அது கரைந்து போகும். மூடிய தொட்டியில் எல்லா மீன்களையும் கொன்று, அதையும் கொன்றுவிடும். துரத்தும் மீன் ஒன்றுகூட இல்லாத, தனக்கே உரிய பெரிய தொட்டி இருந்தால் மட்டுமே யோசிக்கலாம்.

பேத்தை, மற்ற மீன்களின் துடுப்பு நுனிகளைக் கடித்துப் பார்க்கும் பழக்கமுள்ளது. இறாலும் நண்டும் நத்தையும் அதற்குத் தீனி. கிளாத்தி இன்னும் ஒரு படி மேல். கற்களைத் தூக்கி இடம் மாற்றும், வயர்களையும் கடிக்கும். தனியாக வளர்த்தால் மனிதரை அடையாளம் கண்டு பழகும் அருமையான மீன் என்பதையும் சொல்ல வேண்டும்.

கடற்குதிரை?

தனித் தொட்டி, மெல்லிய நீரோட்டம், வேறு மீன் இல்லை. உணவை அது நிதானமாகப் பார்த்து உறிஞ்சுமுன் மற்றவை தின்றுவிடும். சர்வதேச வணிகம் கட்டுப்படுத்தப்பட்ட இனம். கடலில் பிடித்ததை வாங்காதீர்கள்.

அப்படியானால் நான்கு அடித் தொட்டிக்கு எதைத்தான் விடுவது?

நான் ஒருவருக்கு அமைத்துக் கொடுப்பதானால் வரிசை இப்படிப் போகும். முதலில் ஒரு கோபி. அடிமணலில் குழி தோண்டும் சொடுக்கு இறால் கிடைத்தால் அதையும் சேர்த்து விடுவேன். இறாலுக்குப் பார்வை மந்தம். அது மணலை வாரிக் கொட்டும்போதெல்லாம் ஒரு மீசையைக் கோபியின் உடலில் தொட்டபடியே வெளியே வரும். ஆபத்து என்றால் கோபி வாலை ஒரு சிமிட்டுச் சிமிட்டும், இரண்டும் குழிக்குள் மறையும். பெரிய வண்ண மீன் எதற்கும் ஈடாகாத காட்சி அது.

இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு சோடி கார்டினல் மீன். அவை நடுநீரில் அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கும், யாருடனும் வம்பில்லை. பிறகு ஒரு பயர் பிஷ். ஒன்று மட்டும், இரண்டு விட்டால் சோடியாக இல்லாவிட்டால் ஒன்று மற்றதைக் கொல்லும். பயந்தால் தாவும் மீன் என்பதால் தொட்டிக்கு வலை மூடி போட்டே ஆக வேண்டும். அதன்பின் கோமாளிச் சோடி. இவ்வளவில் நிறுத்தினால் மிக நல்லது. இன்னும் ஒரு நிறம் வேண்டும் என்று மனம் கேட்டால், பல மாதம் கழித்துக் குள்ள ஏஞ்சல் ஒன்று, அதுவும் எல்லாவற்றுக்கும் கடைசியாக.

இந்த வரிசைக்குக் காரணம், சாதுவானவை முதலில் வந்து பொந்துகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே. முரடன் முதலில் வந்தால் பின்னால் வருபவருக்குப் பொந்தே இல்லை.

புதிய மீனை எப்படிச் சேர்ப்பது?

கொழும்பில் வாங்கினால் பஸ்ஸில் ஆறேழு மணி நேரம். ஒட்சிசன் நிரப்பிய பையை ரெஜிபோம் பெட்டிக்குள் வைத்து, இரவுப் பயணமாகக் கொண்டுவாருங்கள். வந்தவுடன் பெரிய தொட்டியில் விடாதீர்கள். ஐம்பது லீற்றர் அளவில், ஒரு ஸ்பொஞ்ச் வடிகட்டியும் ஒளிந்துகொள்ள இரண்டு பிவிசி குழாய்த் துண்டுகளும் உள்ள தனித் தொட்டியில் குறைந்தது நான்கு வாரம் இருக்கட்டும். வெண்புள்ளி நோய்க் கிருமி மீனை விட்டு விழுந்து கற்களில் உறைகட்டிப் பெருகுவது. பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டால், செம்பு மருந்து போட்டால் இறால்களும் சாகும். போடாவிட்டால் மீன்கள் சாகும்.

மாற்றும் நாளில் விளக்கை அணைத்து, இருக்கும் மீன்களுக்கு முதலில் உணவு கொடுங்கள். முரடான மீன் இருந்தால் சில கற்களை இடம் மாற்றிவையுங்கள். எல்லைகள் குழம்பினால் பழையவரும் புதியவரும் சமமாகத் தொடங்குவார்கள். முடிந்தால் இரண்டு நாள் வலைப்பெட்டிக்குள் வைத்து, ஒன்றையொன்று பார்த்துப் பழகவிட்டுத் திறந்துவிடுங்கள்.

முதல் வாரத்தில் துரத்துவதைக் கண்டு பதற வேண்டாம். புதிய மீன் சாப்பிட வருகிறதா என்று மட்டும் பாருங்கள். மேல் மூலையிலோ வடிகட்டிக் குழாயின் பின்னாலோ செங்குத்தாக நின்று, வால் கிழிந்து, செவுள் படபடவென்று அடித்தால் காத்திருக்காதீர்கள். அன்றே ஒன்றைப் பிரித்துவிடுங்கள். அடிக்கிற மீனைப் பிரிப்பதே நல்லது. அடிபட்டது அதே தொட்டியில் தன் இடத்தைத் தேடிக்கொள்ளட்டும்.

கடல் பக்கத்தில் இருக்கும்போது கடைத் தண்ணீரும் உப்பும் எதற்கு? கடல்நீரையே எடுக்கலாமா?

எடுக்கலாம், இடமும் காலமும் பார்த்து. உள்துறைமுகத்துக்குள்ளும் சீனக்குடாப் பக்கமும் எடுக்காதீர்கள், கப்பல் எண்ணெய்க்கு உத்தரவாதம் இல்லை. கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து கலக்கிறது; வாடைக்காற்று மழையில் அங்கே உப்பு இறங்கிச் சேறும் கூடும். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில், ஆழ்கடலுக்குப் போய்வரும் தொழிலாளர் யாரிடமாவது சுத்தமான கான்களைக் கொடுத்து அங்கிருந்து நிரப்பிவரச் சொல்லுங்கள். வடித்து, மூடி, இருட்டில் இரண்டு வாரம் வைத்து, உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.023 முதல் 1.025க்குள் இருக்கிறதா என்று அளந்து பயன்படுத்துங்கள். மழைக்காலத்துக்கு வேண்டிய அளவை முன்கூட்டியே சேமித்துக்கொள்ளுங்கள், அல்லது அந்த மாதங்களில் செயற்கை உப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள்.

மீனையும் முருகைக்கல்லையும் நாமே எடுத்துவரலாமா?

முருகைக்கல்லை எடுக்கக் கூடாது; உயிருள்ளதையும் கூடாது, கரையில் ஒதுங்கிய செத்ததையும் கூடாது. புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து எந்த உயிரையும் கல்லையும் எடுப்பது குற்றம். வேறு இடங்களில் அலங்கார மீன் பிடிப்பதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. கடற்றொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். தொட்டிக்குப் பீங்கான் கற்களோ, நன்றாக ஊறவைத்துக் காரம் போக்கிய சீமெந்துக் கற்களோ போதும். சில மாதங்களில் பாசி படர்ந்து வேறுபாடே தெரியாது. கல்லை ஒரே குவியலாக வைக்காமல் இரண்டு மூன்று தனித்தனிக் குன்றுகளாக அடுக்குங்கள். ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றதன் பின்பக்கம் தெரியாதிருப்பதே சண்டைக்குச் சிறந்த மருந்து.

ஒத்துப்போகாத மீனைக் கடலிலேயே விட்டுவிடலாமா? அங்கிருந்து வந்ததுதானே?

கூடாது. அது எந்தக் கடலிலிருந்து வந்தது என்பது பெரும்பாலும் உங்களுக்குத் தெரியாது. கடைகளில் இந்தோனேசிய மீனும் இருக்கும். நம் கடல் மீனே ஆனாலும், பல கடல்களின் மீன்கள் கலந்து வாழ்ந்த தண்ணீரின் கிருமிகளைச் சுமந்துகொண்டுதான் போகும். அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் 1985இல் முதல் லயன் மீன் பதிவானது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டவற்றின் வழி வந்ததாகவே கருதப்படும் அந்த இனம், இன்று கரீபியன் கடல் முழுவதும் பரவி அங்குள்ள சிறுமீன்களைத் தின்று தீர்க்கிறது.

பெரும்பாலான கடைகள் மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், பணம் தராவிட்டாலும். பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாரென்று மீன் வாங்குமுன்னரே ஒருவரை அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை அந்த மீனுக்கு, நோய் பார்க்க வைத்திருக்கும் ஐம்பது லீற்றர்த் தொட்டியே வீடு. அதனால்தான் அந்தச் சிறு தொட்டியைக் கழுவிக் காயவைத்து மேல்மாடியில் ஏற்றாமல், ஸ்பொஞ்ச் வடிகட்டியை எப்போதும் ஓடவிட்டுத் தயாராக வைத்திருக்கச் சொல்கிறேன்.